மேட்டில் நிற்கும் வண்டி

புளியமேட்டில் அந்த வெள்ளை அம்பாசிடர் ஓடிய காலம் முழுக்க, ஊர் ஆண்கள் பல் விளக்குவதற்கு முன்பே ஆளுக்கு ஓர் அடி வாங்கிக்கொண்டார்கள். சிலருக்குக் கன்னத்தில் விழும், சிலருக்கு விலாவில், சிலருக்கு நடு முதுகில். கறிக்கடை பரமனுக்கு மட்டும் இடது முழங்காலில் கம்பியால் அடித்த மாதிரி விழுந்து, மனுஷன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். அடிக்கிறவர் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார். மேட்டு உச்சியில் வண்டி உறுமும், கீழே தெருத்தெருவாக 'ஐயோ', 'அம்மா' என்று கேட்கும், பிறகு அவரவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு டீக்கடைக்கு நடப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தால் புளியமேட்டுக்காரர்களுக்கு எரிச்சல்தான் வரும். "இதுல என்னய்யா அதிசயம்? நாங்க குடுத்ததுதான எங்களுக்கு வருது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவர்கள் கொடுத்தது தவமணிக்கு. தவமணி வருசநாட்டுப் பக்கத்து ஆள். சொந்தமாக ஒரு பழைய டீசல் அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டியவன். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு கோடை மத்தியானம், புளியமேட்டு பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமியிடம் வழி கேட்டான். வழி சொன்ன பிள்ளைக்குக் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். அந்த வாரம் எல்லார் போனிலும், வெள்ளைக் காரில் வந்து பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கத்தினார்கள். கத்திய வாய் மூடுவதற்குள் கல் பறந்தது, முதல் கல்லிலேயே ரேடியேட்டர் உடைந்தது, தவமணி வண்டியைக் கிளப்பிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினான், தண்ணீரெல்லாம் ரோட்டில் ஒழுக, ஆவி கண்ணாடியை மறைக்க, பின்னால் பைக்கிலும் ஓட்டத்திலும் ஊரே துரத்த. உச்சியைத் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பான். அந்தப் பக்கம் முழுக்க இறக்கம், எஞ்சினே இல்லாமல்கூட உருண்டு போய்விடலாம், இறக்கம் முடிகிற இடத்தில் ஆஸ்பத்திரியும் அதை ஒட்டிப் போலீஸ் ஸ்டேஷனும் இருந்தன. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் இறுகி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. கதவைத் திறந்து இழுத்தார்கள். கையால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், கம்பால் அடித்தார்கள், அடித்தவன் விலகிக்கொள்ள அடுத்தவன் வந்து அடித்தான், வரிசையில் நின்று பிரசாதம் வாங்குகிற மாதிரி ஆளுக்கொன்றாய் அடித்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் அவன் அங்கேயே கிடந்தான், ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிப் போக ஒரு கை வரவில்லை.

போலீஸ் வந்தது, சிலரைப் பிடித்தது, பிடித்தவர்கள் ஜாமீனில் வந்தார்கள். கூட்டம் அடித்தது என்று எழுதி முடித்தார்கள். கூட்டத்தை யார் தூக்கில் போடுவது?

தவமணியின் பெண்டாட்டி பஞ்சவர்ணம் கருமாதி முடிந்து வண்டியைப் பார்க்க வந்தாள். நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிரில் இருப்பவர் பதில் தேடவேண்டும். வண்டியைக் கட்டி இழுத்துப்போக லாரிக்காரன் கேட்ட பணம் அவளிடம் இல்லை. வண்டி நின்ற இடத்துக்கு எதிரிலேயே, உச்சியை ஒட்டி, சவரிமுத்துவின் மெக்கானிக் பட்டறை இருந்தது. சவரிமுத்து நரைத்த தாடிக்காரர், தனிக்கட்டை. அவள் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "கூலி வேணாம் தங்கச்சி. சாமான் மட்டும் நீ குடு. பின்னாடி ரூம்பு ஒண்ணு சும்மா கெடக்கு, தங்கிக்க."

கொன்ற ஊரிலேயே குடியிருந்து வண்டியை ஓட்டவேண்டும் என்று அவள் முடிவு செய்தது பிழைப்புக்காக என்று ஊர் நினைத்தது. பிழைப்பும்தான். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும்: இத்தனை பேரில் அவனைக் கொன்றது யார்? ஒருத்தன் அடித்த ஓர் அடியில்தானே அந்த உயிர் போயிருக்கும்? அவன் முகத்தைப் பார்க்காமல் அவளால் சோறு தின்ன முடியவில்லை.

எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். ஒரு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது, அதைத் தட்டித் தட்டி வெளியே எடுக்கவே பொழுது போய்விட்டது. பஞ்சவர்ணம் காதுத் தோட்டை விற்றாள். அந்தக் காசுக்குப் புது சாமான் எதுவும் வராது என்பதால், பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்த வேறொரு அம்பாசிடரின் பிஸ்டனைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ரேடியேட்டரை ஈயம் பற்றவைத்து ஒட்டினார்கள். யாரோ கழித்துவிட்ட எஞ்சின் ஆயிலைத் தவமணியின் வேட்டியில் வடிகட்டி எடுத்தார்கள். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வாங்க வழியில்லை. "டீசல் வண்டிதான, தள்ளி விட்டா ஓடும்" என்றார் சவரிமுத்து.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பிஸ்டனைத் தாங்கும் ராடு என்ற கம்பியின் தலையில் ஒரு சின்ன வெண்கல வளையம் வரவேண்டும், புஷ் என்பார்கள், அது வெந்து தேய்ந்து போயிருந்தது. லேத்துக்காரன் நல்ல வெண்கலமாகக் கொண்டுவந்தால் உருக்கிக் கடைந்து தருகிறேன் என்றான். பஞ்சவர்ணம் தன் துணிமூட்டையைப் பிரித்துத் தவமணி சோறு தின்ற வெண்கலக் கும்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவன் வீட்டு வழக்கப்படி, செத்தவர் சாப்பிட்ட கும்பாவைக் கழுவாமல் கவிழ்த்து வைத்திருந்து, பதினாறாம் நாள் ஆற்றில் விட்டுவிட வேண்டும். எல்லாரும் ஆற்றில் இறங்கி நின்றபோது இவள் வேறொரு தகரத் தட்டை விட்டுவிட்டு, கும்பாவைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டாள். நல்ல கனமான வெண்கலம், விட மனசு வரவில்லை. காய்ந்த பருக்கை ஒட்டியபடியே அது உலைக்குள் போனது.

பிற்பாடு இந்தக் கும்பாதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், வேட்டியில் வடித்த ஆயில் என்று சிலர், ஒன்றுமில்லை எல்லாம் சாபம் என்று சிலர். அந்தப் பேச்சு சீக்கிரமே அலுத்துவிட்டது. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று யார் தினமும் கேட்கிறார்கள்?

முதல் தடவை வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, பஞ்சவர்ணம் கிளட்சை விட்டதும் எஞ்சின் இருமி இருமிப் பாதியாகப் பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, ஓடவிட்டபடி, சவரிமுத்து பானெட்டைத் திறந்து குனிந்தார். எஞ்சின் சீராகப் பிடித்து உறுமிய நொடியில், குனிந்த பிடரியில் பொத்தென்று அடி விழுந்தது. நெற்றி இரும்பில் மோதிப் பிளந்து, ரத்தம் வழிய அவர் தரையில் விழுந்தார். அதே நொடியில் கீழே ஊரில் ஆண்பிள்ளைகள் அலறுகிற சத்தம் கேட்டது, பறவைக் கூட்டம் கலைந்த மாதிரி ஒட்டுமொத்தமாக. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பஞ்சவர்ணத்துக்கு இடது தோளில் டக்கென்று ஒரு தட்டு விழுந்தது. சின்னத் தட்டுதான். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில், மீன்குழம்பில் புளி போதவில்லை என்று தவமணி சொன்னதற்காக, அகப்பைக் காம்பால் அவன் தோளில் அவள் தட்டிய தட்டு அது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கீழே கிடந்தவரிடம் கேட்டாள்: "பிடரியிலயா அடிச்சீங்க?"

சவரிமுத்து ரத்தத்தைத் துடைக்கவில்லை. "ஸ்பேனர் கையில இருந்துச்சு. எல்லாரும் அடிச்சாய்ங்க. நானும்..." என்றார். பிறகு அழுதுகொண்டே, "ஒண்ணுதான் தங்கச்சி. ஒரே ஒரு அடிதான் அடிச்சேன்" என்றார்.

அவள் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். தெருவுக்குத் தெரு எஞ்சினை நிறுத்தினாள், சரிவில் உருட்டித் திரும்பக் கிளப்பினாள், கிளம்பும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அடி விழுந்தது. சம்பவத்தன்று நான் ஊரிலேயே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம் தெருவில் சுருண்டார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். விழுந்து எழுந்திருக்காமல் போகிற ஒருவன் வேண்டும் அவளுக்கு.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டு வண்டியைக் கொளுத்திவிடலாம் என்று பேசினார்கள். கொளுத்தியிருப்பார்கள், கூட்டம் முடிவதற்குள் தச்சர் வீட்டு மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. சம்பவத்துக்குப் பிறகு வெளியூர் டிரைவர் எவனும் புளியமேட்டுக்குள் வண்டியைக் கொண்டு வருவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும் வருவதில்லை. வேறு வழியில்லாமல் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள். வண்டி கிளம்பியது, ஊர் அலறியது, பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. கொளுத்துகிற பேச்சு அதோடு போயிற்று.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை மனுஷன்? காலையில் மேட்டில் வண்டி உருள ஆரம்பித்ததும் சலூன்காரர் கத்தியை வாடிக்கையாளர் தொண்டையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிடுவார், டெய்லர் ரத்தினம் மெஷினிலிருந்து விரலை எடுத்துவிடுவான், சோறு தின்கிறவர்கள் கவளத்தை வாயில் போடாமல் காத்திருப்பார்கள். விலாவில் வாங்குகிறவர்கள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பதற்கு முன்னால், எங்கே விழுகிறது என்று கேட்டார்கள். கன்னத்தில் என்றால் சரி, செருப்புத் தடத்தோடு விழுகிறது என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எல்லாவற்றையும்விடக் கூத்து, வண்டி வெளியூர் போய்த் திரும்பி ஊருக்குள் நின்றுவிட்டால், அதைத் தள்ளிக் கிளப்ப வேண்டியவர்களும் இவர்களேதான். பஸ் நிறுத்தத்தில் வண்டியின் பின்னால் வரிசையாக நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி, எஞ்சின் பிடித்ததும் தங்கள் அடியைத் தாங்களே வாங்கிக்கொண்டு ரோட்டில் விழுவார்கள்.

பழைய அடி மட்டுமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தச் சத்தத்துக்குள் யார் யாரை அடித்தாலும், அடித்த கையே அதை வாங்கியது. சந்தையில் பெண்டாட்டியை அறைந்த ஒருவன் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். அதனால் சண்டைக்காரர்கள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் கை ஓங்கினார்கள். "வண்டி போகட்டும்டி, உன்னைய வச்சுக்கிறேன்" என்பது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது.

ஒருவர் மட்டும் அடி வாங்காதவர். பஸ் நிறுத்தத்து டீக்கடை வேலாயுதம். சம்பவம் அவர் கடை வாசலில்தான் தொடங்கியது, ஆனால் வண்டி எத்தனை தடவை கிளம்பினாலும் அவர் டம்ளரில் டீ அசையாது. ஊரில் கை வைக்காத ஒரே ஆண்பிள்ளை என்று அவருக்குப் பெயர் வந்தது. திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கட்டும்போது அவர் தலை நடுங்கியதைப் பக்தி என்று நினைத்தார்கள். பஞ்சவர்ணத்திடம் அவர் ஒருநாளும் டீக்குக் காசு வாங்கியதில்லை.

"சாப்டியா தாயி?" என்பார். "இந்தா, வடையத் தின்னு." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இந்த எஞ்சினு இன்னும் எம்புட்டு நாளைக்குத் தாயி ஓடும்?"

"ஓடுற வரைக்கும் ஓடும், அய்யா" என்பாள் பஞ்சவர்ணம். இந்த ஊரில் அவள் வாயால் அய்யா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவளுக்கோ ஒவ்வொரு காலையும் அந்தத் தட்டுக்காகவே விடிந்தது. மேட்டிலிருந்து வண்டி உருண்டு, எஞ்சின் பிடிக்கிற நொடியில் இடது தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். டக். "வந்துட்டியா" என்பாள் வாய்க்குள். உலகத்தில் அவளுக்கென்று அவனிடம் இருந்து மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மறுவருஷம் ஆனி மாதத்தில் ஊர்ப் பெரியவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு மேட்டுக்கு ஏறி வந்தார்கள். முழங்காலை இழுத்துக்கொண்டு பரமனும் வந்திருந்தான்.

"பாரு தாயி" என்றார் நடுவில் நின்றவர், மிகவும் நயமாக. "இத்தனை நாளா வாங்குறோம். எவனாச்சும் செத்தானா? வீங்குது, வலிக்குது, எந்திரிச்சுப் போறோம். அப்ப எங்க அடி எதுவும் கொல்ற அடி இல்லன்னு வண்டியே சொல்லிருச்சுல்ல? உம் புருசன் நெஞ்சு வலில போயிருப்பாரு. கோயில்ல ஒரு பொங்கல வச்சு, இத்தோட முடிச்சுக்குவோம்."

பஞ்சவர்ணம் தட்டை வாங்கினாள். வெற்றிலையை எடுத்து ஒவ்வொன்றாக அவர்கள் காலடியில் போட்டாள். பிறகு வண்டியில் ஏறி மேட்டிலிருந்து உருட்டினாள், கிளப்பினாள், கீழே போய் நிறுத்தினாள், தள்ளச் சொன்னாள், கிளப்பினாள், நிறுத்தினாள். இருட்டும் வரை அதையே செய்தாள். அன்றைக்கு ஆண்கள் தெருவில் ரத்தமாகக் கக்கினார்கள், ஒருவனுக்குத் தாடை கழன்றது, பரமனின் முழங்கால் சில்லு உடைந்தது. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒருத்தியும் வந்து நிறுத்து என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்து மேட்டுக்குத் திரும்பியபோது பஞ்சவர்ணத்தின் தோளும் கன்றிப்போயிருந்தது. அவர்கள் சொன்னது உண்மை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது, அதைத்தான் தாங்க முடியவில்லை. கொன்றவன் என்று ஒருவன் இல்லவே இல்லை.

அந்த நாளோடு எஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு சத்தம் புகுந்துவிட்டது. சவரிமுத்து காதை வைத்துக் கேட்டார். "புஷ் தேஞ்சிருச்சு தங்கச்சி. இனி எடுக்காத. ராடு ஒடிஞ்சா பிளாக்கப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும், அப்புறம் எஞ்சினே கெடையாது."

"வேற புஷ் போட்டா?"

"போடலாம். வண்டி ஓடும்." அவர் அவளுடைய தோளைப் பார்த்தார். "ஆனா அந்தக் கும்பா வேற எங்க கெடைக்கும்?"

மறுநாள் காலை அவள் வண்டியை எடுக்கவில்லை. செல்ஃப் இல்லாத வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார்கள், ஹேண்ட்பிரேக்கை விட்டால் தானே உருண்டு கிளம்பிக்கொள்ளும். அப்படித்தான் அது உச்சியில் ஊரைப் பார்த்து நின்றது. அவள் வெறுமனே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீழே டீக்கடையில், அடி விழாத காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பரமன்தான் ஆரம்பித்தான். "ஏப்பா, நான் கடையில கறி வெட்டிக்கிட்டு இருந்தேன். ரத்தினம் வந்து பிள்ளைபிடிக்கிறவன்னு சொன்னான், ஓடுனேன். ரத்தினம், நீ யார் சொல்லிடா ஓடுன?"

"சலூன்காரர் சொன்னாரு" என்றான் டெய்லர் ரத்தினம்.

சலூன்காரர், பூக்காரர் சொன்னார் என்றார். பூக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பினார். "வேலாயுதண்ணேதான கத்துனாரு. போனைக் காட்டி, இந்தக் காருதாண்டான்னு."

வேலாயுதம் கையிலிருந்த டம்ளர் விழுந்து உடைந்தது. "நான் கையே வைக்கலையேப்பா" என்றார். "சத்தியமா ஒரு அடிகூட அடிக்கல."

"அதாண்டா" என்று எழுந்தான் பரமன். "எங்க காலெல்லாம் ஒடஞ்சு கெடக்கு, உனக்குப் பரிவட்டமாடா?"

கொதிக்கிற பால் சட்டியை அவர் மேல் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே இழுத்தார்கள். கூட்டம் சேர நேரமே ஆகவில்லை. இத்தனை நாள் வாங்கிய அடியெல்லாம் கையில் ஊறிக்கிடந்தது. பூக்காரர் மகன் பைக்கில் மேட்டுக்குப் பறந்து வந்தான். "அக்கா! கத்துனது வேலாயுதம்தான். உங்க வீட்டுக்காரரக் கொன்னது அவன்தான். கொஞ்ச நேரம் வண்டிய எடுத்துறாதீங்க, நாங்க முடிச்சிர்றோம்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, தன் பங்குக்காகத் திரும்பிப் பறந்தான்.

பஞ்சவர்ணத்தின் காதில் வேலாயுதத்தின் குரல் கேட்டது. வடையைத் தின்னு தாயி. இத்தனை மாசமாக அவள் தேடிய முகம் தினமும் அவளுக்கு டீ ஆற்றிக் கொடுத்திருக்கிறது. ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவுமில்லை, பிரேக்கை விடவுமில்லை. அடிக்கட்டும் என்று நினைத்தாள். கீழே கம்பு ஏறி இறங்குவது தெரிந்தது. இன்னொன்று, என்று நினைத்தாள். செருப்பு ஏறி இறங்கியது. இன்னொன்று. பக்கத்தில் நின்ற சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார். அவருக்குச் சொல்ல என்ன யோக்கியதை?

அப்போது டெய்லர் ரத்தினம் கூட்டத்திலிருந்து விலகி மேட்டில் ஏறி வந்தான். கையில் ரத்தம். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே வண்டி ஜன்னலருகில் வந்து நின்று, அவள் கேட்காமலேயே, வழக்கமாகச் சொல்கிற குரலில் சொன்னான்:

"நான் ஒண்ணுதான்க்கா அடிச்சேன்."

பஞ்சவர்ணம் அவனைப் பார்த்தாள். நாளைக்கும் இதையே சொல்வார்கள். நாளைக்கு வேலாயுதத்தின் பெண்டாட்டி வந்து நின்று கேட்பாள், ஊர் முழுக்க ஆளுக்கு ஒன்றுதான் அடித்திருக்கும், அவரையும் யாரும் கொன்றிருக்கமாட்டார்கள். அவளுக்கு வந்தது இரக்கமில்லை, நல்ல சுத்தமான கோபம். ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

"தங்கச்சி, புஷ்ஷு!" என்று கத்தினார் சவரிமுத்து.

வண்டி உருண்டது, வேகம் பிடித்தது, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டாள், எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. டக் என்று தோளில் விழுந்தது. "வந்துட்டியா" என்றாள், இந்தத் தடவை வாய்விட்டே. கீழே கூட்டத்தின் மேல் பழைய அடியும் விழுந்தது, இப்போது ஓங்கிக்கொண்டிருந்த அடியும் விழுந்தது, கம்பு வைத்திருந்தவன் கம்பால் அடிபட்டான், மிதித்தவன் மிதிபட்டான், பல் தெறித்தது, பரமன் முகம் கிழிந்து மல்லாந்தான், வட்டமாக நின்றவர்கள் வட்டமாகவே விழுந்தார்கள். வண்டி அவர்களுக்கு நடுவில் போய் நின்ற நேரத்தில் எஞ்சினுக்குள் பெரிதாக ஒன்று முறிந்தது. பிளாக்கைப் பிளந்துகொண்டு ராடு வெளியே எட்டிப் பார்த்தது, கறுப்பு ஆயில் ரோட்டில் ஓடி டீக்கடை வாசல் வரை போனது. பிறகு சத்தமே இல்லை.

வேலாயுதம் ஒரு பக்க முகம் வெந்து, வாய் கிழிந்து கிடந்தார். மூச்சு இருந்தது.

பஞ்சவர்ணம் இறங்கினாள். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "எஞ்சின் போச்சு. இனிமே எந்த அடியும் திரும்பி வராது. அடிக்கிறவங்க இப்ப அடிங்க. நான் பாக்கறேன். யாரு அடிச்சு இவன் சாகுறான்னு இன்னைக்காச்சும் கண்ணால பாத்துக்கிறேன்."

பரமன் கல்லை எடுத்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தனியாக அந்தக் கல் அவனுக்கு ரொம்பக் கனத்தது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பக்கத்திலேயே மெதுவாக வைத்தான்.

"அப்பத் தூக்குங்க" என்றாள்.

மேட்டிலிருந்து ஓடி வந்த சவரிமுத்துதான் முதலில் காலைப் பிடித்தார். பிறகு, அவர் பின்னாலேயே இறங்கி வந்த ரத்தினம் தலையைப் பிடித்தான். பின்சீட்டில் கிடத்தினார்கள். வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பி, பழக்கப்படி பின்னால் வரிசையாக நின்றார்கள், இந்தத் தடவை இடம் போதாமல் பக்கவாட்டிலும் நின்றார்கள். பஞ்சவர்ணம் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "தள்ளுங்க."

உடைந்த முழங்காலோடும் கழன்ற தாடையோடும் அந்தக் கனத்த வண்டியை அவர்கள் மேட்டில் ஏற்றினார்கள். பின்சீட்டிலிருந்து வேலாயுதம் முனகினார். "என்னைய எதுக்குத் தாயி..."

"உனக்காக இல்ல" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "பேசாமப் படு."

தவமணி கிடந்த இடம் வந்தது. சக்கரம் அதன் மேல் ஏறிப் போனது. உருளுகிற வண்டியில் உட்கார்ந்திருந்ததால், தன்னை அறியாமலே அவள் இடது தோளை முன்னால் கொடுத்தாள், பின்னால் தள்ளியவர்களும் பழக்கத்தில் பல்லைக் கடித்து உடம்பை இறுக்கிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் விழவில்லை. பஞ்சவர்ணம் அங்கேதான் அழுதாள். கருமாதியில்கூட அப்படி அழுததில்லை, ஸ்டியரிங்கை விடாமல் வாயைத் திறந்து அழுதாள்.

உச்சியைத் தாண்டியதும் இறக்கம் தெரிந்தது, அடியில் ஆஸ்பத்திரிக் கட்டிடம். வண்டி இனித் தானே உருளும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "போதும். கைய எடுங்க. பிரேக் புடிச்சு நானே எறக்கிக்கிறேன்."

வண்டி இறங்கத் தொடங்கியது. அவர்கள் கூடவே நொண்டிக்கொண்டும் ஓடிக்கொண்டும் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை ஒருவரும் கையை எடுக்கவில்லை.